வாசனை இல்லாத தம்பி

அம்மாவிடம் வாசனை குறையத் தொடங்கினால், அவள் கிளம்பப் போகிறாள் என்று பொருள்.

முதலில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் நிற்கும். பிறகு பவுடர். பிறகு ரோஜா நிறச் சோப்பு. அதன் இடத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டி வரும். அது எதைப் போலவும் மணக்காது. அதன் பிறகு அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தாலும் ஒன்றும் இருக்காது. வெறும் அம்மா.

வீட்டில் இதை முதலில் கண்டுபிடிப்பது மூக்கிதான். அது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. உண்மையான பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் புழங்கும். எதைக் கையில் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள் என்பதால் வீட்டில் அவள் மூக்கி. புதுப் புத்தகத்தைக்கூட முகர்ந்த பிறகுதான் படிப்பாள்.

"கெளம்பறியாம்மா?" என்று ஒருநாள் காலையில் கேட்டாள்.

அம்மா சிரித்தாள். "உன் மூக்குகிட்ட எதையும் மறைக்க முடியாது. ஆமாடி. அடுத்த வாரம்."

அம்மா மரம் நடுபவள். மலைக்கு மேலே ஒரு பெரிய காடு எரிந்துபோயிருந்தது. மழைக்காலம் நெருங்கியதும் அம்மாவும் அவளுடைய கூட்டமும் அங்கே போய்க் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். கன்றுகளை நட்டுக்கொண்டே மேலே மேலே போவார்கள். மழை நின்ற பிறகுதான் இறங்குவார்கள்.

அங்கே போன் எடுக்காது. கன்று ஏற்றிக்கொண்டு போகும் லாரி வாரத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். அதன் ஓட்டுநர் மாமா வண்டியை நிறுத்தாமலே ஜன்னல் வழியாக, "உங்கம்மா நல்லா இருக்காங்க!" என்று கத்திவிட்டுப் போவார். அவ்வளவுதான் செய்தி. எப்படி நல்லா இருக்கிறாள், என்ன சொன்னாள், பிள்ளைகளைக் கேட்டாளா என்பதெல்லாம் அதில் வராது.

வாசனை ஏன் கூடாது என்றால், மலையில் கரடி உண்டு. கரடிக்கு மூக்கியைவிடப் பெரிய மூக்கு. கூடாரத்துக்குள் சோப்பு, மிட்டாய், பற்பசை எதுவும் இருக்கக் கூடாது. அவற்றை எல்லாம் ஓர் இரும்புப் பெட்டியில் பூட்டித் தூரமாக வைத்துவிடுவார்கள். ஒரு வருடம் ஒருவர் மறதியாகப் பற்பசையைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். கரடி வந்து கூடாரத்தைக் கிழித்தது.

"அப்புறம்?" என்பான் தம்பி. அவனுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் கேட்பான்.

"அவர் ஒரு பக்கம் ஓடினார், கரடி ஒரு பக்கம் ஓடிச்சு" என்பாள் அம்மா.

"பேஸ்ட்டு?"

"பேஸ்ட்டக் கரடி எடுத்துட்டுப் போயிடுச்சு. இப்ப காட்டுலயே அதுக்குத்தான் பல்லு பளிச்சுன்னு இருக்காம்" என்பார் அப்பா.

தம்பியை உருண்டை என்று கூப்பிடுவார்கள். அவனுக்கு ஐந்து வயது. ஏன் உருண்டை என்று பார்த்தவர் யாரும் கேட்டதில்லை.

அந்த வாரம் வீடு தலைகீழாகக் கிடந்தது. அம்மா கூடாரத்தின் தையலில் பசை தடவி, பசை நாற்றம் போவதற்காக அதை மொட்டைமாடியில் தொங்கவிட்டிருந்தாள். கன்றுகளை வைத்து இடுப்பில் கட்டிக்கொள்ளும் பையின் வாருக்குப் புதுத் தையல் போட்டாள். மண்வெட்டியை அரத்தால் தேய்த்துக் கூராக்கினாள். துணிகளை எல்லாம் வெள்ளைக் கட்டியால் தானே துவைத்தாள்.

அப்பா வேலை செய்வது சலவைக் கடையில். அவருடைய சட்டை எப்போதும் பூ வாசனை அடிக்கும். அதனால் அந்த வாரம் அவர் அம்மாவின் சாமான்கள் பக்கம் வரக் கூடாது.

"என் வீட்டுலயே எனக்கு இடமில்ல" என்று வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார் அப்பா.

கடைசிச் சோதனை மூக்கியுடையது. ஒவ்வொரு பொருளும் அவள் மூக்குக்கு வரும். அவள் கண்ணை மூடி முகர்வாள். "சரி" என்று சொன்னால்தான் அது பைக்குள் போகும்.

போர்வை. சரி. மழைச் சட்டை. சரி. இரண்டு ஜோடிக் கையுறை. ஒன்றில் பழைய எண்ணெய் வாசம். அது மறுபடி துவைக்கப் போனது.

முன்பெல்லாம் இந்த வேலை அவளுக்குப் பெருமையாக இருக்கும். இந்த வருடம் அப்படி இல்லை. அவள் ஒவ்வொரு முறை 'சரி' என்று சொல்லும்போதும் அம்மாவின் அலமாரி கொஞ்சம் காலியானது. அம்மாவை அனுப்பி வைப்பதே தான்தான் என்று தோன்றியது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம். அம்மா மொட்டைமாடியில் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். கீழே அறை மூலையில் அம்மாவின் படுக்கைப் பை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே நுழைந்து கழுத்து வரை மூடிக்கொண்டு தூங்குகிற பை. அதற்கு மூக்கி ஏற்கெனவே 'சரி' சொல்லியாகிவிட்டது.

அதை விரித்தாள். உள்ளே நுழைந்து படுத்தாள். அம்மா அங்கே எப்படிப் படுத்திருப்பாள் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. கண்ணை மூடினாள். துணிக்கு மேல் மழை பெய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மழைக்கு நடுவே ஆரஞ்சு வாசனை வந்தது.

காலை நீட்டினாள். பெருவிரலில் ஏதோ ஒட்டியது. உள்ளே கையை விட்டு எடுத்தாள். ஆரஞ்சு மிட்டாய். பாதி சப்பி, பழைய தாளிலேயே திரும்பச் சுற்றியது. பையின் துணியிலும் ஒரு காசு அளவுக்குப் பிசுபிசுப்பு.

மூக்கி மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நாளைக் காலையில் லாரியோடு மேஸ்திரி அக்கா வருவார். கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. எல்லார் பைகளையும் தெருவிலேயே பிரித்து முகர்ந்து பார்ப்பார். வாசனை இருந்தால் பை இறங்கிவிடும். பையோடு ஆளும் இறங்க வேண்டியதுதான். போன வருடம் ஒருவர் சட்டைக்குள் வறுத்த மீனைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து மாட்டினார். அவர் அடுத்த வாரம்தான் போக முடிந்தது.

அடுத்த வாரம்.

ஒரு வாரம் அம்மா வீட்டில் இருப்பாள். ரோஜா நிறச் சோப்பு திரும்பி வரும். மூக்கி செய்ய வேண்டியது எதுவும் இல்லை. மிட்டாயைப் பழையபடி உள்ளே வைத்துவிட்டுப் பையைச் சுருட்டினால் போதும். யாருக்கும் தெரியாது.

கையைப் பைக்குள் விட்டாள். பாதி தூரம் போன கை நின்றது.

மேஸ்திரி அக்காவுக்கு நாளைக்குச் சளி பிடித்திருந்தால்?

அவர் கண்டுபிடிக்க மாட்டார். பை லாரியில் ஏறிவிடும். கரடிக்குச் சளி பிடிக்காது.

மூக்கி சட்டென்று கையை வெளியே எடுத்தாள்.

"அத எடுக்காத!" கதவருகே உருண்டை நின்றான்.

"நீதான் வெச்சியா?"

"ஆமா. அம்மாவுக்கு."

"பாதிதானடா இருக்கு?"

"பாதி நான் சாப்பிட்டேன். மீதி அம்மா சாப்பிடணும். அப்பதான் ரெண்டு பேரும் ஒரே மிட்டாய்."

"டேய், கரடி வரும்டா."

உருண்டை யோசித்தான். "கரடிக்கும் ஒண்ணு வெச்சிடலாம்."

"அப்புறம் அதோட குட்டி வரும்."

இன்னும் யோசித்தான். "என்கிட்ட ரெண்டுதான் இருக்கு" என்றான் கவலையாக. பிறகு அவன் உதடு பிதுங்கியது. "நீ எடுத்துட்டா அம்மா என்னை மறந்துடுவா."

"யாரு சொன்னது? அம்மாவாவது மறக்கறதாவது."

"நான் மறந்தேன்ல?"

மூக்கிக்கு அது நினைவிருந்தது.

போன வருடம் அம்மா திரும்பி வந்த நாள். முகம் கறுத்து, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, வாசலில் நின்றாள். உருண்டை ஓடிப்போய் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "இந்த ஆன்ட்டி யாரு?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்தான் சிரித்தாள். பிறகு கை கழுவப் போனவள் நெடுநேரம் கை கழுவிக்கொண்டே இருந்தாள்.

"சரி, அழாத" என்றாள் மூக்கி. "மிட்டாய் வேணாம். வாசனை வராத ஏதாவது குடுக்கலாம். உன்னோடதா. ஓடு, எடுத்துட்டு வா."

முதலில் வெள்ளைக் கட்டியை நனைத்துப் பையின் பிசுபிசுப்பைத் தேய்த்துக் கழுவினாள். ஜன்னல் காற்றில் தொங்கவிட்டாள். அதற்குள் உருண்டை ஒரு கை நிறையச் சாமான் கொண்டுவந்து கொட்டினான்.

அவன் வரைந்த படம். அதில் கலர்க் குச்சியின் மெழுகு வாசனை. பொம்மைக் கார். ரப்பர் சக்கரம் மணத்தது. சட்டைப் பித்தான். சட்டையெல்லாம் அப்பா கடையில் துவைத்தது. பித்தான்கூடப் பூவாக மணத்தது. ஒரு காலுறை.

"இது வேணாம்" என்றாள் மூக்கி.

"மோந்தே பாக்கல!"

"பாக்காமலே தெரியுது."

கடைசியாக ஒரு கூழாங்கல்லை நீட்டினான். அவள் கழுவி, துடைத்து, முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"உருண்டை! இதுல ஒரு வாசனையும் இல்ல!"

அவன் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆனா இது கல்லு" என்றான். "நான் இல்லையே."

அவன் சொன்னது சரிதான். வேண்டியது வாசனை இல்லாத தம்பி. எவ்வளவு குளிப்பாட்டினாலும் கிடைக்காத பொருள்.

சாயங்காலம் அம்மா மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தாள். தோளில் ஒரு நீலக் கயிறு. புதுக் கயிறு, பிளாஸ்டிக் நாற்றம் போகக் காற்றில் கிடந்தது. மூக்கியிடம் நீட்டினாள்.

"சரி" என்றாள் மூக்கி.

"இது எதுக்கு?" என்றான் உருண்டை.

"அளவுக் கயிறு. பழசு இத்துப் போச்சு" என்று தரையில் உட்கார்ந்தாள் அம்மா. "ஒரு கன்னு நட்டுட்டு அங்கேருந்து இந்தக் கயித்த நீட்டுவேன். எங்க முடியுதோ அங்க அடுத்த கன்னு. கிட்டக் கிட்ட நட்டா ஒண்ணு வெயில இன்னொண்ணு மறைக்கும். தள்ளி நட்டா நடுவுல புல்லு வந்து உக்காந்துக்கும்."

"ஒவ்வொரு மரத்துக்குமா அளப்ப?"

"ஒவ்வொரு மரத்துக்கும்."

அம்மா இரும்பு டேப்பைத் தரையில் இழுத்து நீட்டினாள். பக்கத்தில் கயிற்றை வைத்தாள். முடிச்சுப் போட வேண்டிய இடத்தை விரலால் பிடித்தாள்.

மூக்கி அந்த டேப்பையே பார்த்தாள். பிறகு உருண்டையைப் பார்த்தாள். தலையிலிருந்து கால் வரை.

"அம்மா, முடிச்சுப் போடாத!"

"ஏண்டி?"

"ஒரு நிமிஷம். உருண்டை, இங்க வா. படு."

"எதுக்கு?"

"படுடா சொல்றேன். டேப்பு பக்கத்துல. நேரா. குதிகால் இந்தக் கோட்டுல இருக்கணும்."

உருண்டை படுத்தான். அவன் தலை முடிகிற இடத்தில் மூக்கி விரலை வைத்தாள். அவனை எழுப்பி, அந்த விரலிலிருந்து மறுபடி படுக்க வைத்தாள். தலை வந்து நின்ற இடம் அம்மாவின் விரலுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது.

"ரெண்டு உருண்டை போட்டும் பத்தல" என்றாள் மூக்கி.

"இன்னும் நெறைய சாப்பிடட்டுமா?" என்றான் அவன், படுத்தபடியே.

"இப்பவே வளர முடியாது. கையைத் தூக்கு. தலைக்கு மேல. நல்லா நீட்டு."

விரல் நுனிகள் நீண்டன. அம்மாவின் விரலைத் தொட்டன. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ஒரு தடவ கைய இறக்கி, ஒரு தடவ கைய தூக்கி" என்றாள் மூக்கி. "அம்மா, சரியா வருது பாரு. நீ டேப்ப வெச்சு அளக்காத. இவன வெச்சு அள. இவன் ஒரு தடவ முடியற எடத்துல சின்ன முடிச்சு. கடைசில பெரிய முடிச்சு."

அம்மா நிமிர்ந்து மூக்கியைப் பார்த்தாள்.

"இவன் மிட்டாய் வெச்சிருந்தான்மா, உன் பைக்குள்ள. நீ மறந்துடக் கூடாதுன்னு. நான் எடுத்துட்டேன், தொடச்சுட்டேன். ஆனா எதாவது வேணும்ல? இதுல வாசனை வராது."

அம்மா டேப்பைச் சுருட்டித் தள்ளி வைத்தாள். கயிற்றின் ஒரு முனையை உருண்டையின் குதிகாலில் வைத்தாள். மெல்ல இழுத்து அவன் உச்சந்தலை வரை கொண்டு போனாள். முடிச்சுப் போட்டாள்.

"அசையாதடா."

"அசையல. மூச்சு மட்டும் விடறேன்."

இரண்டாவது முறை கையைத் தூக்கச் சொல்லி அளந்தாள். பெரிய முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். அதன் பிறகும் கயிறு நிறைய மீதி இருந்தது.

"இது மரத்துக்கு மரம்" என்றாள் அம்மா. "வரிசைக்கு வரிசை இன்னும் அகலமா விடணும்." மூக்கியைப் பார்த்தாள். "ம். படு."

மூக்கி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நினைத்தது அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்றும் தெரியவில்லை. போய்ப் படுத்தாள். தரை குளிர்ந்திருந்தது. குதிகாலில் கயிறு பட்டது. முழங்கால், இடுப்பு, காது என்று ஏறி வந்தது.

"மெதுவா அளம்மா" என்றாள் மூக்கி.

அம்மா மெதுவாக அளந்தாள்.

அம்மா மறுபடி டேப்பை நீட்டிப் பார்த்தாள். இரண்டு மூக்கி போட்டால் வரிசைக்கு வரிசை விட வேண்டிய தூரத்தைவிட ஒரு விரல் அதிகம் வந்தது. மூக்கி முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டாள். சரியாகிவிட்டது. முடிச்சும் விழுந்துவிட்டது. ஆனாலும் அம்மா கயிற்றை எடுத்து இன்னொரு முறை அளந்தாள். எதற்கு என்று மூக்கி கேட்கவில்லை. அசையாமல் படுத்திருந்தாள்.

வாசற்படியிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். "எனக்கு முடிச்சு கெடையாதா?"

"உங்க நீளத்துக்கு நட்டா காட்டுல பாதிதான் ரொம்பும்" என்றாள் அம்மா.

காலையில் லாரி வந்தது. மேஸ்திரி அக்கா இறங்கி, அம்மாவின் சாமான்களைத் தெருவில் பிரித்தார். படுக்கைப் பையைத் தலைகீழாக உதறினார். உள்ளே முகத்தை விட்டு முகர்ந்தார். அவருக்குச் சளி இல்லை என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

திடீரென்று நிமிர்ந்தார். "ஆரஞ்சு வாசனை வருதே!"

மூக்கி படுக்கைப் பையைப் பார்த்தாள். ராத்திரி மூன்று முறை முகர்ந்து பார்த்திருந்தாள்.

மேஸ்திரி அக்கா மூக்கைத் திருப்பித் திருப்பித் தேடினார். கீழே குனிந்தார். உருண்டைக்கு நேராக வந்து நின்றார்.

"வாயத் தொற."

உருண்டை திறந்தான். நாக்கில் மீதி மிட்டாய்.

"நீ மலைக்கு வரியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"அப்ப சாப்பிடு."

பிறகு அவர் நீலக் கயிற்றை எடுத்துத் தன் அளவுகோலில் வைத்துப் பார்த்தார். அளவு பிசகவில்லை. ஆனால் புருவம் சுருங்கியது. "இந்தச் சின்ன முடிச்சு என்ன? நடு அளவுன்னா நடுவுல இல்லையே? ஒரு பக்கம் நீளமா இருக்கு."

"அந்தப் பக்கம் கைய தூக்கியிருக்கான்" என்றாள் அம்மா.

மேஸ்திரி அக்கா அம்மாவைப் பார்த்தார். உருண்டையைப் பார்த்தார். கயிற்றைச் சுற்றி அம்மாவின் கையில் கொடுத்தார்.

"லாரிக்கு நேரமாச்சு. ஏறு" என்றார். அவர் மூக்கை உறிஞ்சியது முகர்வதற்காக இல்லை.

அம்மா இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மூக்கி அவள் கழுத்தில் முகத்தை வைத்து, இருக்கிற மூச்சையெல்லாம் இழுத்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதையே இன்னொரு முறை இழுத்தாள். லாரி கிளம்பித் தெருமுனையில் திரும்பியது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

அப்பா வேலைக்குப் போய்விட்டு வந்தார். வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார். இடம் நிறைய இருந்தது.

சில நாள் கழித்து முதல் மழை பிடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மூக்கி, உருண்டையைத் தரையில் கண்டாள். நேராக, மல்லாந்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டிப் படுத்திருந்தான்.

அவளும் பக்கத்தில் படுத்தாள். இருவரும் மழையைக் கேட்டார்கள்.

"அக்கா, இப்ப மலைல நான் எத்தன தடவ படுத்திருப்பேன்?"

"நெறைய. ஒவ்வொரு மரத்துக்கும் ரெண்டு தடவ."

"நீ?"

"நான் வரிசைக்கு ரெண்டு தடவ."

அவன் கைகளை இன்னும் நன்றாக நீட்டினான். பிறகு, "மழைல அங்க ஒரே சேறா இருக்கும்ல?" என்றான்.

"இருக்கும். முதுகெல்லாம் சேறு ஆயிருக்கும் நமக்கு."

"ஆகட்டும்" என்றான் உருண்டை. "நான் எழுந்திருக்க மாட்டேன்."